ஜெர்மன் கற்க எந்த ஆப் நல்லது?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், வீடு கருங்கல் பக்கம். ஜெர்மனியில் வேலைக்கு பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறும் மொழித் தேர்ச்சி நிலைகளில் நாலாவது) கேட்கிறார்கள். டூயோலிங்கோவில் ஒருநாள் விடாமல் படிக்கிறேன், ஆனால் யாராவது ஜெர்மனில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. பணம் கட்டி பிரீமியம் எடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விளம்பரத் தொல்லை போகும், உங்கள் சிக்கல் அப்படியேதான் இருக்கும். திரையில் கிடக்கிற சொற்களைத் தட்டித் தட்டி வாக்கியம் கோர்க்கப் பழகியிருக்கிறீர்கள், ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கதே இன்ஸ்டிட்யூட்டின் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால்தான் பாஸ், பேசும் பகுதியில் கூட வந்திருக்கும் இன்னொருவரோடு விவாதமும் உண்டு.

சொல் மனதில் நிற்க அங்கி (Anki) என்ற கேள்வி-பதில் அட்டை ஆப் போதும். கம்ப்யூட்டரில் இலவசம், ஆண்ட்ராய்டு போனில் அங்கிட்ராய்ட் என்ற பெயரில் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். யாரோ செய்துவைத்த பெரிய அட்டைத் தொகுப்பை இறக்காமல், வார்டில் கையில் எடுக்கிற பொருளுக்கு நீங்களே அட்டை போடுங்கள்: முன்பக்கம் ஊசியின் படம், பின்பக்கம் 'டி ஷ்ப்ரிட்ஸ'. அந்த 'டி'யை விட்டுவிட்டு வெறும் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் டெர், டி, டாஸ் மூன்றில் எது என்று பிறகு தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்வது பெரிய பாடு. இன்னொன்று, அங்கி ஒரு நாளைக்கு 20 புது அட்டை தரும்படி அமைந்திருக்கும். செட்டிங்ஸில் போய் அதை 10 ஆக்குங்கள். இல்லையென்றால் நைட் டியூட்டி வாரம் முடிந்து திறக்கும்போது நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும், பார்த்ததும் மூடி வைத்துவிடுவீர்கள். (பாதிப் பேர் அங்கேதான் கைவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.)

கேட்பதற்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெயின் 'நிகோஸ் வேக்' பாடத்தொடர் இலவசம், ஏ1 முதல் பி1 வரை வீடியோ கதையாகவே போகும். ஒரு வசனம் கேட்டதும் நிறுத்தி, அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பஸ்ஸில் வேண்டாம், வீட்டில்.

பி1 தாண்டிய பிறகு எழுத்தைத் திருத்தவும் எதிரே உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். பிரீமியத்துக்கு வைத்திருந்த காசை அப்போது ஒரு ஆசிரியருக்குக் கொடுங்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வகுப்பு சேருவதானால் பேச எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள், ஃபீஸ் அப்புறம்.