நீர் மாத்திரையும் இளநீரும்

கேள்வி: மாமனாருக்கு 72 வயது. ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்குவது) என்று ஃபுரோசமைடு 40 மி.கி. காலையும் இரவும், ஸ்பைரோனோலாக்டோன் 25, ராமிப்ரில், டிஜாக்சின் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார். இரவு மாத்திரையை நிறுத்திவிடலாமா? சூட்டுக்கு இளநீர் தரலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றக் கேளுங்கள். ஃபுரோசமைடுதான் நீர் மாத்திரை. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய 6 மணி நேரம் சிறுநீரை இறக்கும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவு தாண்டியும் ஓட்டம்தான். இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு தொல்லை. டாக்டரிடம் சொல்லி இரண்டாவது வேளையை மதியம் 2 மணி வாக்கில் கொண்டுவாருங்கள்.

மாத்திரை அளவு சரிதானா என்று எடை மிஷின் சொல்லிவிடும். உடம்பில் ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுக்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மிஷின் வெறும் தரையில் இருக்க வேண்டும். பாய் மேல் வைத்தால் முள் பொய் சொல்லும். 3 நாளில் 2 கிலோ கூடினால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். எடை மளமளவென்று இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றினாலும் சொல்லுங்கள்: நீர் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்றால் எடை பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இளநீர் வேண்டாம். "நீர் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், இளநீர் குடி" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஃபுரோசமைடு மட்டும் என்றால் அதில் நியாயம் உண்டு. உங்கள் மாமனாருக்கு ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் சேர்ந்திருக்கின்றன. இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைப்பவை. அது மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பும் கூடாது. அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி வந்தால் வழக்கம்போல எல்லா மாத்திரையையும் கொடுத்துவிடாமல் முதலில் போன் செய்யுங்கள்.

கேள்வி: டிஜாக்சின் கொடுக்கும் முன் நாடி பார்க்கச் சொன்னார்கள். விரலில் மாட்டும் மிஷின் போதாதா?

பதில்: துடிப்பு சீராக இருந்தால் ஓரளவு போதும். துடிப்பு தப்பித் தப்பி வருபவர்களுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் சில துடிப்புகள் எட்டாமலே போகும்; எண்ணிக்கை குறைவாகக் காட்டும். ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. டிஜாக்சின் துடிப்பைக் குறைக்கும் மருந்து; எண்ணிக்கை 60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளையை நிறுத்தி வைத்து டாக்டரைக் கேளுங்கள்.

நேற்று விட்டுப்போனதற்காக இன்று இரண்டாகக் கொடுக்கக் கூடாது. டிஜாக்சினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது, வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசுவது: இவை மருந்து மிஞ்சியதன் அடையாளங்கள். "வயசாச்சு, பசியில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வாரத்தில் 5 நாள் மட்டும் என்று சீட்டில் எழுதியிருந்தால், எந்த 5 நாள் என்று காலண்டரில் வட்டமிடுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு அப்பா டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார். இதய மாத்திரையோடு சேருமா?

பதில்: சேராது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் கொடுங்கள், ஆனால் தண்ணீரில் போட்டால் பொங்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். வாயுவுக்கு என்று கலக்கிக் குடிக்கும் பொங்கும் பொடிக்கும் இதே கதைதான். ஊறுகாயை ஒதுக்கிவிட்டு இதைக் குடித்தால் என்ன பயன்?