ஆற்றில் பாசி நிறைய இருந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா? பாசியை வைத்து மாசை எப்படிக் கண்டுபிடிப்பது?

எவ்வளவு பாசி இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பாசி இருக்கிறது என்று பார்த்தால் நிறையவே சொல்லலாம்.

கழிவுநீர் வந்து விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். பல சமயம் அங்கே பச்சையே இருக்காது. சாம்பல் நிறத்தில், நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று கல்லில் தொங்கும். அது பாசி இல்லை. ஸ்ஃபேரோட்டைலஸ் போன்ற இழை பாக்டீரியாக்கள். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் வெளிச்சம் அடிவரை போகாது, பாசிக்கு அங்கே வேலை இல்லை. இன்னும் கீழே போனால் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைச் சிதைத்து, அமோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் மிஞ்சி, கலங்கலும் அடங்கியிருக்கும். பச்சை கட்டுவது அங்கேதான். அதாவது பச்சைப்பசேலென்று தெரிகிற இடத்தைவிட, அதற்கு மேலே வெறுமையாகக் கிடக்கிற இடம் மோசமானதாக இருக்கலாம். பாசி அதிகம் என்றால் அழுக்கு அதிகம் என்ற கணக்கு முதலில் தவறுவது இங்கேதான்.

அந்தத் தூரத்துக்குள் பாசி வகைகளும் மாறும். அழுக்கு அதிகமுள்ள பகுதியில் நிட்சியா பாலியா, கோம்போனிமா பார்வுலம் என்ற இரண்டு டயாட்டங்களும் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்), ஸ்டிஜியோகுளோனியம் என்ற மெல்லிய பச்சை இழையும் முன்னால் நிற்கும். நிட்சியா பாலியாவால் கரிம நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் மற்றவை திணறும் இடத்தில் அது கொழிக்கும். அதற்கும் கீழே, ஆக்சிஜன் திரும்பிவந்து சத்து மட்டும் மிகுந்திருக்கும் நீரில், கிளாடோஃபோரா என்ற சொரசொரப்பான, கிளைவிட்ட இழைப்பாசி முடிபோல நீண்டு படரும்.

சத்து கூடக் கூடப் பாசியும் கூடிக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம். பாசியின் உடலில் 1 அணு பாஸ்பரஸுக்குச் சுமார் 16 அணு நைட்ரஜனும் 106 அணு கார்பனும் இருக்கும். இதில் எது தட்டுப்பாடோ அதைச் சேர்த்தால்தான் வளர்ச்சி. பாஸ்பரஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தால், இன்னும் கொட்டினாலும் பாசியின் அளவு ஏறாது. வெளிச்சம், நீரோட்டம், மேயும் நத்தைகள் ஆகியவைதான் அதை முடிவு செய்யும். மர நிழலில் ஓடும் ஆறு சாக்கடையாகவே இருந்தாலும் பச்சை தெரியாமல் போவது இதனால்தான்.

பாசி கட்டிய பிறகு அதுவே தண்ணீரை மாற்ற ஆரம்பிக்கும். பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன், நீர் இயல்பாகக் கரைத்து வைக்கும் அளவின் 100 சதவீதத்தைத் தாண்டும். கார்பன் டை ஆக்சைடு தீர்ந்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 9ஐத் தொடலாம். இரவில் எல்லாம் சுவாசிப்பதால் விடியும் முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். பிற்பகலில் மட்டும் அளந்துவிட்டு ‘ஆக்சிஜன் பிரமாதம்’ என்று எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள். சூரியன் உதிக்கும் முன் எடுத்த அளவைக் கேளுங்கள். அமோனியாவும் சேர்ந்திருந்தால் பகலும் ஆபத்துதான்: 25 டிகிரி செல்சியஸில் மீனுக்கு நஞ்சான வடிவில் இருப்பது பி.ஹெச். 7இல் 1 சதவீதத்துக்கும் குறைவு, 8இல் சுமார் 5, 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இனி மாதிரி எடுக்கும் முறை. கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்றிரண்டு என இடம் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம், ஆழம், ஓட்டம் மூன்றும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிழலை அளந்துவிட்டு மாசு என்பீர்கள். ஓடும் நீரில், குறைந்தது 4 வாரமாவது மூழ்கியே கிடந்த, உள்ளங்கை அளவுக் கற்கள் ஐந்தையாவது எடுங்கள். வெள்ளம் வந்து போயிருந்தால் சில வாரம் பொறுங்கள், புதிதாகக் குடியேறும் முதல் கூட்டம் பல ஆறுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கல்லை ஆற்று நீரில் மெதுவாக அலசி, ஒட்டியிருக்கும் மண்ணை விடுங்கள். பிறகு மேற்பரப்பைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தட்டில் கொஞ்சம் நீரோடு சேகரியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புது பிரஷ். பழைய பிரஷின் மயிர்களுக்குள் முந்தைய ஆற்றின் டயாட்டங்கள் ஒளிந்திருக்கும்.

ஒரு சொட்டை உடனே உயிரோடு பாருங்கள். மீதியில், பிளாக் டீ நிறம் வரும் அளவுக்கு லூகால் அயோடின் கரைசல் விட்டு இருட்டில் வையுங்கள். உயிரோடு பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள், அது தப்பு. டயாட்டத்தின் சிலிக்கா ஓடு செத்த பிறகும் கிடக்கும். மேலிருந்து அடித்துவரும் வெற்று ஓடுகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். உள்ளே பொன்பழுப்புப் பசுங்கணிகம் தெரிந்தால்தான் அது அங்கே வாழ்கிறது என்று அர்த்தம். பாதிக்கு மேல் வெற்று ஓடு என்றால் வேறு கல் தேடுங்கள்.

டயாட்டத்தின் இனத்தை அடையாளம் காண அதன் ஓட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஆய்வகத்தில் ஆவியை வெளியே இழுக்கும் புகைப்பெட்டிக்குள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, 90 டிகிரி அளவில் சூடாக்குங்கள். கரிமம் அதிகமுள்ள மாதிரி குபுக்கென்று பொங்கும், பீக்கரில் கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். கடைசியில் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சுண்ணாம்பு கரையும். பிறகு வடிநீரில் பலமுறை கழுவி, ஒவ்வொரு முறையும் ஓடுகள் அடியில் படிய ஒரு நாள் விடுங்கள். நாஃப்ராக்ஸ் போன்ற உயர் ஒளிவிலகல் பிசினில் பதித்து, எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் 300 முதல் 400 ஓடு வரை எண்ணுவது வழக்கம். சாதாரணப் பிசினில் ஓட்டின் நுண்ணிய கோடுகள் சரியாகத் தெரியாது.

இவ்வளவு வசதி இல்லையென்றால் பால்மர் 1969இல் தந்த பேரினக் குறியீடு இருக்கிறது (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி). 20 பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மாதிரியில் போதிய எண்ணிக்கையில் உள்ளவற்றைக் கூட்ட வேண்டும். யூக்ளினா 5, ஆசிலடோரியா 5, கிளாமிடோமோனாஸ் 4, சீனிடெஸ்மஸ் 4, நாவிகுலா 3, நிட்சியா 3 என்றால் மொத்தம் 24. இருபதோ அதற்கு மேலோ வந்தால் கரிம மாசு அதிகம். 15 முதல் 19 வரை என்றால் இருக்கக்கூடும். விரைவானது, ஆனால் மொட்டைக் கத்தி. நாவிகுலா, நிட்சியா இரண்டிலும் தூய நீரில் வாழும் இனங்களும் உண்டு, அவற்றுக்கும் அதே மதிப்பெண் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் குறியீடு கரிம மாசை மட்டுமே பார்க்கிறது. குளோரினோ செம்போ பாசியைக் கொன்றுவிட்டால் மதிப்பெண் குறைந்து, ஆறு சுத்தம் என்று பொய் சொல்லும்.

உலோகம் கலந்த நீரில் கூட்டமே வேறு. இன எண்ணிக்கை சுருங்கி, அக்னாந்திடியம் மினுடிசிமம் போன்ற சிறிய டயாட்டம் ஒன்று மட்டும் ஆளத் தொடங்கும். இது தூய நீரிலும் ஏராளமாக வாழ்வதால், அதன் பெயரை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சுரங்க அமிலம் கலந்தால் யூனோஷியா, யூக்ளினா மியூட்டபிலிஸ் இரண்டையும் தேடுங்கள். காட்மியம், துத்தநாகம் போன்றவை டயாட்டத்தின் ஓட்டையே கோணலாக்கும்: நேராக இருக்க வேண்டிய ஃப்ராஜிலேரியா நடுவில் வளைந்து, விளிம்பு நசுங்கி, கோடுகள் கலைந்து கிடக்கும். நல்ல ஆற்றிலும் இப்படி ஒன்றிரண்டு தென்படும். வழக்கமாக 1 சதவீதத்துக்குள்தான். 400 ஓட்டில் 1 சதவீதம் என்பது வெறும் நான்கு ஓடு. அதனால் கோணலை எண்ணுவதற்கு மட்டும் ஆயிரம் ஓட்டையாவது பாருங்கள்.