கீழ் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. திருச்சி உறையூரில் சொந்த வீடு. மாடியில் நான், கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. 2016 ஆவணியில் வந்தார்கள். அப்போது வாடகை 6,000, பத்து மாத அட்வான்ஸ் 60,000. எழுத்தில் எதுவும் கிடையாது. இப்போது வாடகை 9,500. ஐந்தாம் தேதி அவர் மனைவி மாடிக்கு வந்து கையில் கொடுத்துவிட்டுப் போவார். புதுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டுமாமே என்று கேட்டதிலிருந்து குடியிருப்பவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் தம்பியோ, "பதிவு செய்தால் வீட்டில் அவனுக்கு உரிமை வந்துவிடும், பேசாமல் இரு" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், நாலு நாள் மோட்டாரை நிறுத்துங்கள், தானாக வழிக்கு வருவார் என்கிறார். அட்வான்ஸ் பணம் மகள் கல்யாணத்தில் கரைந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், உறையூர்)

பதில்: அம்மா, முதலில் அந்த மோட்டார் சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். தண்ணீர், கரண்ட், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி, இதில் எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் நேராகவே சொல்கிறது. குடியிருப்பவர் ஒரு மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடு என்று உத்தரவு வரும், அபராதம் போடவும் வழி இருக்கிறது. இத்தனை வருஷம் ஒழுங்காக வாடகை வாங்கிய நீங்கள் குற்றவாளி மாதிரி போய் நிற்க வேண்டியிருக்கும். யோசனை சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குக் கூட வர மாட்டார்.

தம்பி சொன்னதும் தப்பு. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதால் யாருக்கும் வீடு போகாது. இன்னார் வீட்டுக்காரர், இன்னார் குடியிருப்பவர், இந்தத் தேதி வரைக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் தாளைவிட உங்களுக்குப் பாதுகாப்பு எது? வீட்டுக்காரர்கள் பலருக்கும் இந்தத் தலைகீழ் பயம் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 'நியாய வாடகை' கேட்டு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு வந்த பயம் அது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை இப்போது நீங்கள் இருவரும் பேசி எழுதிக்கொள்வதுதான். ஆனால் 'எழுதி' என்பது முக்கியம். வாய்ப்பேச்சுக் குடித்தனத்துக்கு இடமில்லை, எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம் நாளைக்குச் சாட்சியமாகக்கூட நிற்காது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே தேவையில்லை என்று ஸ்டாம்ப் பேப்பர் விற்பவர் முதல் புரோக்கர் வரை எல்லாரும் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு. வாடகை அதிகாரி வேறு ஆள், துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருப்பவர். பதினோரு மாதமோ பதினோரு வருஷமோ, அவரிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, விண்ணப்பத்தை அதிலேயே போடலாம், பதிவு எண் கொடுப்பார்கள். உங்களைப் போன்ற பழைய குடித்தனங்களுக்குக் கொடுத்த கெடு எப்போதோ போய்விட்டது. அதற்காக இப்படியே விட்டுவிட வேண்டாம், இன்றைய தேதியில் புதிதாக எழுதுங்கள்.

சரி, அவர் ஏன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்? நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அவருடைய 60,000 ரூபாய் உங்களிடம் இருக்கிறது, அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து திடீரென்று ஒப்பந்தம், பதினோரு மாதம் என்று பேச்செடுத்தால், காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள், அட்வான்ஸும் வராது போல என்றுதானே அந்த மனுஷன் நினைப்பார்? நான் அவர் இடத்தில் இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன்.

அதனால் ஒப்பந்தத்தில் முதலில் அட்வான்ஸை எழுதுங்கள். 2016-இல் வாங்கியது 60,000, காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் பாக்கி ஏதாவது வைத்திருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தரப்படும் என்று. ஒரு மாதம் என்பது சட்டத்திலேயே உள்ள கெடு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே இடத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. உங்கள் மூன்று மாத வாடகை 28,500. மீதி 31,500-ஐ இப்போது எங்கே போய்ப் புரட்டுவீர்கள்? மாதம் 1,500 கழித்து 8,000 மட்டும் வாங்குங்கள், 21 மாதத்தில் கணக்கு நேராகிவிடும், கையிலிருந்து ஒரே தவணையில் எடுக்க வேண்டியதும் இல்லை. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவராகவே பேனா கேட்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த ஐந்தாம் தேதி சமாச்சாரம். அந்தம்மா கொடுக்கிறார், நீங்கள் எண்ணி வாங்கி வைக்கிறீர்கள், ரசீது கிடையாது. வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. என் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் மாதாமாதம் வாடகையை எழுதி, கொடுத்தவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார், காபி கொடுத்துவிட்டு. எனக்குத் தெரிந்து அந்த நோட்டைப் பற்றி யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நீங்கள் ஜிபே, வங்கிக் கணக்கு என்று மாறிவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

ரிப்பேர் விஷயத்தில் நாம் பழகியது ஒன்று, சட்டத்தின் அட்டவணை சொல்வது ஒன்று. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சிங்க், கீசர், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. காலி செய்யும்போது 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாமல் அதைப் பிடிக்கப் போனால் சண்டைதான் வரும். வாடகையை வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். எழுதாமல் பாதியில் ஏற்ற முடியாது. கீழே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னாடி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொந்த வீடாயிற்றே என்று கதவைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஒப்பந்தம் முடியும் தேதியை காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். முடிந்தும் புதுப்பிக்காமல், அவரும் காலி செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனையில் மாதத்துக்கு மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் தானாக நீளும். அதற்குள் புதிதாக எழுதிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் மாட்டேன் என்றால்? ஒப்பந்தத்தின் நகலோடு ஒரு கடிதம், ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ஒரே வீட்டின் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு என்றாலும் பரவாயில்லை. பழைய குடித்தனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் போட முடியாமல் போனதே காலி செய்யச் சொல்லிக் கேட்க ஒரு காரணம் என்று சட்டம் ஏற்கிறது, ஆனால் அதற்கு வாடகை நீதிமன்றம் போக வேண்டும், வக்கீல் வேண்டும். முதலில் அட்வான்ஸ் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.