நகம் வெட்டப் போனா உறுமுற நாய், ஊசின்னா நடுங்குற நாய்: வீட்டுலயே எப்படிப் பழக்குறது?

கேள்வி: எங்க கருப்பனுக்கு மூணு வயசு, நாட்டு நாய், ரோட்டோரம் குட்டியா கிடைச்சவன். எங்க மேல உயிரா இருப்பான், ஆனா காலைப் பிடிச்சா உறுமுறான், நெயில் கட்டரைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுறான். போன வருஷம் ஊசி போடுறப்ப நாலு பேர் அமுக்கிப் பிடிச்சாங்க, அதுல இருந்து ஆஸ்பத்திரி தெரு திரும்பினாலே நின்ன இடத்துல ஒண்ணுக்குப் போயிடுறான். இன்னும் ரெண்டு மாசத்துல ரேபிஸ் ஊசி போடணும். காதுல வேற அழுக்கு சேருது, தலையை உதறிக்கிட்டே இருக்கான். வாயைக் கட்டிட்டு எல்லாத்தையும் ஒரேடியா முடிச்சிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு மனசு வரல. என்ன செய்யலாம்? (திருச்சியில இருந்து ஒரு வாசகி)

பதில்: முதல்ல அந்தக் காது. தலையை உதறுறான், அழுக்கு சேருதுன்னு எழுதியிருக்கீங்க, இது பழக்கத்தோட பிரச்சனை இல்லைங்க, வலியா அரிப்பா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உள்ள பூஞ்சையோ கிருமியோ உண்ணியோ இருக்கலாம், டாக்டர் கருவி வச்சுப் பாத்தாதான் தெரியும். வலிக்குற காதைத் தொட்டு எந்த நாயையும் பழக்க முடியாது, அதனால காதுக்கு வைத்தியம் முதல்ல, பயிற்சி அப்புறம். பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம், எண்ணெய் ஊத்தவும் வேண்டாம்.

"அங்க போகவே முடியலையே, அதுதானே என் பிரச்சனை"ன்னு நீங்க கேப்பீங்க. போறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் போட்டு, போன வருஷம் நடந்ததையும் ஒண்ணுக்குப் போறதையும் மறைக்காம சொல்லுங்க, பயத்தைக் குறைக்க வீட்டுலயே குடுத்துட்டு வர்ற மாத்திரை இருக்கான்னு கேளுங்க. கபாபென்டின், ட்ராசோடோன் மாதிரி மருந்துகளை இப்ப இதுக்காகவே எழுதித் தர்றாங்க, எடையைப் பாத்து அளவு சொல்வாங்க, பொதுவா கிளம்புறதுக்கு ஓரிரு மணி நேரம் முன்னாடி குடுக்கணும், அவங்க சொல்ற நேரம்தான் கணக்கு. மாத்திரை குடுத்து கூட்டிட்டுப் போறது தோல்வி இல்லைங்க, தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க, பயத்துல ஒவ்வொரு தடவை போய்ட்டு வரும்போதும் அந்தப் பயம் இன்னும் ஆழமாப் பதியுது, மாத்திரை அதைத் தடுக்குது. ஒண்ணு மட்டும் கவனம், உடம்பை மட்டும் மரக்க வைக்கிற மயக்க மருந்தைத் தனியா குடுத்தா நாய் அசையாமக் கிடக்கும், ஆனா உள்ள பயம் அப்படியே இருக்கும், அதனால "பயத்துக்குத்தான் குடுக்குறீங்களா"ன்னு கேட்டுக்கோங்க. மெடிக்கல்ல நீங்களா எதையும் வாங்கிக் குடுக்காதீங்க, மனுஷங்க மாத்திரை பலது நாய்க்கு விஷம்.

இப்ப பயிற்சிக்கு வருவோம். கருப்பன் கெட்ட நாய் இல்ல, அடம் பிடிக்கிற நாயும் இல்ல. நாலு பேர் அமுக்கினாங்க, தப்பிக்க வழி இல்ல, வலிச்சுது, இதைத்தான் அவன் படிச்சிருக்கான். நாய் படிக்கிறது வரிசையை, அதாவது எதுக்கு அப்புறம் எது வருதுங்கிறதை. கால்ல கை பட்டா வலி வரும்னு படிச்சவனுக்கு, கால்ல கை பட்டா சிக்கன் வரும்னு திரும்பப் படிக்க வைக்கணும். இதுல முக்கால்வாசிப் பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, சிக்கனை முதல்ல காட்டிடுவாங்க, அவன் திங்குறப்ப நைசாக் காலைப் பிடிப்பாங்க. அப்போ அவன் என்ன படிப்பான்? சிக்கன் வந்தா பின்னாடி ஆபத்து வருதுன்னு படிப்பான், ரெண்டே நாள்ல சிக்கனையும் சந்தேகமாப் பாப்பான். அதனால எப்பவும் தொடுதல் முதல்ல, சாப்பாடு அடுத்து, நடுவுல ஒரு நொடி. கையை எடுத்ததும் சாப்பாடும் நிக்கணும்.

எப்படின்னு முன்னங்காலை வச்சே சொல்றேன், ஏன்னா உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்குறது, ட்ரிப்ஸ் ஏத்துறது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கால்லதான், நம்ம ஊர்ல இது இன்னைக்கோ நாளைக்கோ தேவைப்படும். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாம வேக வச்ச சிக்கனைப் பட்டாணி அளவுக்குப் பிச்சு கிண்ணத்துல வச்சுக்கோங்க, சிக்கன் செய்யாத வீடுன்னா பனீர் போதும். இதுக்குன்னே ஒரு மேட் எடுத்து விரிங்க, அதை வேற எதுக்கும் பயன்படுத்தாதீங்க. தரையில அவனுக்குப் பக்கவாட்டுல உக்காருங்க, எதிர்ல உக்காந்து மேல குனியாதீங்க, நாய்க்கு அது மிரட்டல். செயின் வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும். கையை அவன் தோள்பட்டை பக்கமா ஒரு ஜான் நீட்டுங்க, தொட வேண்டாம், நிறுத்துங்க, ஒரு துண்டு குடுங்க, கையை எடுத்துடுங்க. இதையே சில தடவை செஞ்சா, கை நீளும்போதே உங்க கிண்ணத்தைத் திரும்பிப் பாப்பான், அந்தப் பார்வைக்குத்தான் நாம காத்திருக்கோம். அது வந்தப்புறம் தோளைத் தொடுங்க, அப்புறம் முழங்கை, அப்புறம் பாதம், அப்புறம் பாதத்தை ஒரு நொடி லேசாப் பிடிக்கிறது, அப்புறம் ஒரு விரலை மட்டும் அழுத்துறது. ஒரு தடவைக்கு ரெண்டு மூணு நிமிஷம் போதும், அவன் இன்னும் வேணும்னு நிக்கிறப்பவே முடிச்சிடுங்க.

எழுந்து போனா போகட்டும். கூப்பிடாதீங்க, சிக்கனைக் காட்டி இழுக்காதீங்க. போயிட்டுத் திரும்பி வந்து மேட்ல நின்னான்னா அதுதான் சம்மதம், அதுக்கு முந்தின படியில இருந்து ஆரம்பிங்க. வேண்டாம்னு சொன்னா நிறுத்துறாங்கன்னு தெரிஞ்ச நாய்க்குக் கடிக்க வேண்டிய அவசியமே வராது, இதை நான் முழுசா நம்புறேன். நாய் வேண்டாம்னு சொல்றது உறுமல்ல ஆரம்பிக்கிறதும் இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே உதட்டை நக்கும், தூக்கமே வராம கொட்டாவி விடும், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரியுற மாதிரி ஓரமாப் பாக்கும், காதைப் பின்னாடி மடக்கும், திங்குறதை நிறுத்திட்டு அப்படியே விறைச்சு நிக்கும். இதுல விறைக்கிறதைத்தான் பாதிப் பேர் "சமத்தா நிக்கிறான்"னு நினைச்சுக்கிறாங்க, அது சமத்து இல்ல, பயம். உறுமினா திட்டவோ தட்டவோ கூடாது, உறுமக்கூடாதுன்னு படிச்ச நாய் அடுத்த தடவை எச்சரிக்கையே குடுக்காம நேரா பல்லைப் போட்டுடும்.

இந்தச் சம்மத விஷயத்தை அழகா விளையாட்டா ஆக்கினவர் பிரிட்டன் பயிற்சியாளர் சிராக் பட்டேல், பக்கெட் கேம்னு சொல்வாங்க. ஒரு சின்ன டப்பாவுல ட்ரீட் போட்டு நாய் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வைக்கணும், அது டப்பாவையே பாத்துட்டு இருக்குற வரைக்கும் நாம தொடலாம், சீவலாம், காதைத் தூக்கிப் பாக்கலாம், பார்வையை எடுத்துட்டா அந்த நொடியே கையை எடுத்துடணும், மறுபடி பாத்தா மறுபடி ஆரம்பம். உங்க கருப்பனுக்கு முன்னங்கால் பயிற்சி ஓரளவு வந்ததும் இதுக்கு மாறிடுங்க, காதுக்கு ரொம்ப உதவும். பெரிய உயிரியல் பூங்காக்கள்ல புலி கம்பி ஓரமா வந்து படுத்து வாலை நீட்டி ரத்தம் எடுக்க விடுறது இதே வழியிலதான், அங்க அமுக்கிப் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்ல.

அடுத்து ஊசி. ஊசிக்கு முன்னாடி நடக்குற சின்னச் சின்ன விஷயங்கள்தான் நாயை அதிகமா மிரட்டும், முக்கியமா ஸ்பிரிட் வாசனை. பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ரூமோட அந்த மூலையில வைங்க, வாசனை எட்டினதும் சிக்கன். சில நாள் போகட்டும், பஞ்சைப் பக்கத்துல கொண்டு வாங்க, அப்புறம் முதுகு முடியில லேசாத் துடைங்க. தனியா இன்னொரு நேரத்துல கழுத்துக்குப் பின்னாடி தோலை மெதுவாக் கூடாரம் மாதிரி தூக்கி விடுங்க, அது பழகினதும் மூடின பேனாவோட முனையை அந்த இடத்துல ஒரு நொடி அழுத்துங்க. ஸ்டெதஸ்கோப்புக்கு பதிலா ஸ்பூனோட பின்பக்கத்தை நெஞ்சுல வைக்கலாம், ஜில்லுன்னு இருக்குறது பழகிடும். வாலைத் தூக்கிப் பழக்குறதையும் விட்டுடாதீங்க, ஜுரம் பாக்குறது ஆசனவாய்லதான், திடீர்னு முன்ன பின்ன தெரியாதவங்க பின்னாடி வந்து வாலைத் தூக்கினா எந்த நாயும் திரும்பத்தான் செய்யும். இதையெல்லாம் பெரியவங்க மட்டும் செய்யுங்க, குழந்தைங்க கையில குடுக்காதீங்க.

ஆஸ்பத்திரி தெருவை எடுத்துக்கிட்டா, ஒண்ணுக்குப் போறான்னு சொன்ன இடத்துக்கு இப்ப போகவே வேண்டாம், அவன் சாதாரணமா மோந்துக்கிட்டு வாலாட்டிக்கிட்டு நடக்குற முந்தின தெருமுனை வரைக்கும் போங்க, நாலு துண்டு சிக்கனைத் தரையில தூவுங்க, அவன் தேடித் தின்னட்டும், திரும்பிடுங்க. சிக்கனைத் தொட மாட்டேங்கிறான்னா பயம் எல்லை தாண்டிடுச்சுன்னு அர்த்தம், இன்னும் பின்னாடி வாங்க. நாளாக நாளாக வாசல், அப்புறம் கூட்டம் இல்லாத நேரத்துல கேட்டுக்கிட்டு உள்ள போய் எடை மெஷின்ல ஏறி இறங்கிட்டு, ஊசி கீசி எதுவும் இல்லாம வீட்டுக்கு. அந்தப் பயிற்சி மேட்டையும் எடுத்துட்டுப் போங்க, டைல்ஸ் தரையிலும் ஸ்டீல் டேபிள்லயும் கால் வழுக்குறதே நாய்க்குப் பாதி பயம்.

நகத்தைக் கடைசியா வைங்க, அவசரம் இல்ல. நகம் வளைஞ்சு சதையில குத்துற நிலைமையில இருந்தா மட்டும் காதுக்குப் போறப்ப டாக்டர்கிட்ட காட்டிடுங்க, உள்பக்கம் தரையைத் தொடாம இருக்குற கட்டை விரல் நகம்தான் அப்படி வளையும். கட்டரை சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல சும்மா தரையில போட்டு வைங்க. சத்தத்துக்கு, பக்கத்து ரூம்ல ஒருத்தர் விளக்குமாத்துக் குச்சியைக் கட்டரால நறுக்கட்டும், ஒவ்வொரு சத்தத்துக்கு அப்புறமும் நீங்க அவனுக்கு சிக்கன் போடுங்க, அந்த நறுக் சத்தம்தான் பல நாய்க்கு எமன். கருப்பனுக்கு நகமும் கருப்பாத்தான் இருக்கும், உள்ள ரத்தக்குழாய் எங்க இருக்குன்னு வெளியில தெரியாது, அதனால நுனியில மெல்லிசா சீவுங்க, வெட்டின முகத்துல நடுவுல ஈரமா ஒரு புள்ளி தெரிஞ்சா அதோட நிறுத்திடணும். ரத்தம் வந்துட்டா பதறாதீங்க, கார்ன்ஃப்ளவரை வச்சு சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நிக்கலைன்னா டாக்டர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம் போதும்ங்க, அதுக்கே பாதிக் கிண்ணம் சிக்கன் குடுக்கலாம். கட்டரே ஒத்து வரலைன்னா, ஒரு பலகையில உப்புத்தாளை ஒட்டி சாய்ச்சு வச்சு, அதைப் பாதத்தால பறண்டுனா சிக்கன்னு சொல்லிக் குடுத்தா முன்னங்கால் நகத்தை அவனே தேய்ச்சுக்குவான், நாட்டு நாய்ங்க இதை மளமளன்னு பிடிச்சுக்கும்.

உங்க வீட்டுக்காரர் சொன்னதுல பாதியை நான் ஒத்துக்கிறேன். மஸில், அதாவது கடிக்காம இருக்க வாய்ல மாட்டுற கவசம், வேணும், ஒரேடியாங்கிறதுதான் வேண்டாம். துணியால வாயை இறுக்கிக் கட்டவே கட்டாதீங்க, நாய் உடம்பு சூட்டைத் தணிச்சுக்கிறது வாயைத் திறந்து இளைக்கிறதுலதான், திருச்சி வெயில்ல பயந்துபோன நாயோட வாயைக் கட்டி வச்சா உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருக்குற மஸில் வாங்குங்க, உள்ள வாயை நல்லாத் திறந்து இளைக்க முடியணும், தண்ணி குடிக்க முடியணும். கூடையோட உள்பக்கத்துல கொஞ்சம் தயிர் தடவிக் கையில பிடிச்சுக்கோங்க, அவனா மூக்கை விட்டு நக்கிட்டு எடுத்துக்கட்டும், நீங்க மூஞ்சியில மாட்டாதீங்க. பட்டையைப் போடுறது சில வாரம் கழிச்சுதான். வீட்டுல சும்மா இருக்குறப்ப, வாக்கிங் போறப்ப எல்லாம் மாட்டிக் கழட்டினாதான் மஸில் வந்தா ஊசி வரும்னு அவன் முடிச்சுப் போட மாட்டான்.

ரெண்டு மாசத்துல எல்லாம் முடியுமான்னா, ஊசிக்கும் மஸிலுக்கும் தயார் பண்ண முடியும், நகத்துக்கு இன்னும் நாள் ஆகலாம். அதுக்குள்ள அவன் தயாராகலைன்னாலும் ரேபிஸ் ஊசியைத் தள்ளிப் போடாதீங்க, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன், மாத்திரை குடுத்து மஸில் போட்டு தேதிக்குள்ள போட்டுடுங்க. அன்னைக்குப் பயிற்சி மேட்டை வீட்டுலயே விட்டுட்டு வேற துணி எடுத்துட்டுப் போங்க, மேட்ல நின்னா எதுவும் வலுக்கட்டாயமா நடக்காதுங்கிற நம்பிக்கை உடையக்கூடாது. நடுவுல எப்பவாவது யாரையாவது கடிச்சுட்டா, பல் லேசாக் கீறினாக்கூட, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஜி.எச். போயிடுங்க, நம்ம வீட்டு நாய்தானேன்னு விட்டுடாதீங்க.

ஊசி போடுற அன்னைக்குக் காலையில வாக்கிங் குடுத்துட்டு, வயித்தை முழுசா ரொப்பாம கூட்டிட்டுப் போங்க. டாக்டரோட நேரத்தை முன்னாடியே கேட்டு வாங்கிட்டு மத்த நாய்ங்க கூட்டத்துல நிக்காம வெளியிலயே இருங்க, முடிஞ்சா வாசல்லயோ ஆட்டோ பக்கத்துலயோ வந்து போட முடியுமான்னு கேளுங்க, பல டாக்டர்கள் கேட்டா செய்றாங்க. ஒருத்தர் கூடையோட இடுக்கு வழியாத் தயிரை நக்க விட, இன்னொருத்தர் அமுக்காம நெஞ்சுல கை குடுத்து நிக்க வச்சா போதும். போட்டதும் மிச்ச சிக்கன் மொத்தத்தையும் தரையில கொட்டி அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. வந்தது வந்தாச்சு, அப்படியே நகத்தையும் வெட்டிடலாமேன்னு யாராவது சொன்னா, வேண்டாம்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.