நியூட்டன் காலாவதியாகவில்லை, முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பயிற்சி மைய முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "ஐன்ஸ்டீனுக்குப் பிறகு நியூட்டன் தவறாகிவிட்டது, நீட் தேர்வுக்கு சார்பியல் தனி வகுப்பு வேண்டும்" என்று முன்பணம் கேட்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம். நீட் பாடத்திட்டத்தில் சார்பியல், அதாவது ஐன்ஸ்டீனின் ரிலேட்டிவிட்டி கோட்பாடு, தனிப் பாடமாகவே இல்லை. நியூட்டன் தவறு என்பது அதைவிடப் பெரிய புரட்டு.

ஈரோட்டுக்கு ரயிலில் போகும்போது, வண்டி சீராக ஓடும் நேரத்தில் மகளை ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போடச் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் விழுவது போலவே நேராகக் கைக்கு வரும். ஜன்னலைச் சாத்திவிட்டால், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்தப் பழம் காட்டிக்கொடுக்காது. கப்பல் அறையை வைத்து கலிலியோ இதை 1632-இல் எழுதினார். நியூட்டனின் 1687 விதிகளும் இதற்குக் கட்டுப்பட்டவைதான்.

1865-இல் சிக்கல் வந்தது. மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் ஒளிக்கு ஒரே வேகத்தைத் தந்தன: வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. ஆனால் வேகம் பார்ப்பவரைப் பொறுத்து மாறுமே, இது யாரைப் பொறுத்து? வெளியெங்கும் நிறைந்திருப்பதாக நம்பிய ஈதர் என்ற ஊடகத்தைப் பொறுத்து என்றார்கள். 1887-இல் மைக்கேல்சன், மோர்லி என்ற இரு விஞ்ஞானிகள் அதைத் தேடினார்கள், தடயமே இல்லை. 1905-இல் ஐன்ஸ்டீன் கலிலியோவையும் கைவிடவில்லை, மேக்ஸ்வெல்லையும் கைவிடவில்லை. எல்லோருக்கும் நேரம் ஒன்றே என்ற நம்பிக்கையைத்தான் விட்டார். 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ்ஸுக்கு இதனால் வரும் நேர வேறுபாடு, ஆயிரம் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு.

அதே பழத்தை ஏற்காடு பஸ்ஸின் தரையில் வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உருண்டோடும். வேகமோ திசையோ மாறும் இத்தகைய இயக்கத்தையும் ஈர்ப்பையும் கோட்பாட்டுக்குள் கொண்டுவர ஐன்ஸ்டீனுக்கு 1915 வரை ஆனது.

முகவர் புதன் கோளைக் காட்டி வாதாடுவார். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது, நூற்றாண்டுக்குச் சுமார் 575 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை. இந்த 575-இல் ஏறத்தாழ 532, மற்றக் கோள்கள் இழுப்பதால் வருவது. அது நியூட்டன் வழிக் கணக்கு. மிஞ்சிய 43-க்குக் காரணம் தேடி, இல்லாத ஒரு கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். 1915-இல் ஐன்ஸ்டீன் கணக்கில் சரியாக அந்த 43 வந்தது. மற்ற 532-ஐ அவர் தொடவில்லை! நியூட்டன் கணக்கு அத்தனை துல்லியமாக இல்லாவிட்டால், மிச்சம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று விதிகளையும் வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று நாம்தான் பழக்கிவிட்டோம். எத்தனை பள்ளிகளில் ஆய்வகம் செய்முறைத் தேர்வுக்கு மட்டும் திறக்கிறது? பாடம் புரியாத பிள்ளையின் பயம்தான் இந்த முகவர்களுக்கு முதலீடு. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவருக்கு நியூட்டனும் ஒன்று, ஐன்ஸ்டீனும் ஒன்று.

இயக்க விதிகள் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை மகள் தானே போட்டுப் பார்க்கட்டும். சிக்கினால் பள்ளி ஆசிரியரிடம் கேட்கட்டும். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ரசீதின் நகலை மட்டும் கொடுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.