டிரைவில் ஏற்றியதும் தமிழ் உடைகிறதே?

கேள்வி: பள்ளி ஆண்டறிக்கையை பாமினி எழுத்துருவில் பவர்பாயிண்ட்டாகத் தயாரித்து கூகுள் டிரைவில் ஏற்றினேன். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்லைடு கணக்கில் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை

பதில்: பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை. பாமினியில் நீங்கள் தட்டியவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது, அவ்வளவுதான். டிரைவில் ஸ்லைடுகளைத் திறந்து காட்டும் கூகுள் ஸ்லைட்ஸில் பாமினி இல்லை. நாமாக ஏற்றவும் வழியில்லை. ஆகவே டிரைவிலிருந்து பிடிஎஃப்பாக இறக்கினாலும் இதே கோலம்தான்.

அவசரமென்றால், பாமினி இருக்கும் அதே கணினியில் பவர்பாயிண்ட்டைத் திறந்து, 'சேவ் அஸ்' போய், வகையில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுங்கள். அந்த பிடிஎஃப்பை டிரைவில் ஏற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். ஆனால் கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். 'கலைச்செல்வி' என்று அதில் தேடிப் பாருங்கள், அகப்படாது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடியும் அரைப்புள்ளியும் ஆங்கிலமும் வந்து விழும். அச்சடிக்க மட்டும் என்றால் போதும். யாராவது தேடவோ, எடுத்துத் திருத்தவோ வேண்டுமென்றால் போதாது.

அதற்கு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறியே ஆக வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, உரையை மாற்றி, ஸ்லைடில் ஒட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கொடுங்கள். பிறகு டிரைவில் ஏற்றி, கூகுள் ஸ்லைட்ஸில் திறந்து, 'ஃபைல்', 'டவுன்லோட்', 'பிடிஎஃப்'. பைசா செலவில்லை. யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். இன்றும் மேலே இருப்பவர்கள் சிலர் பழைய எழுத்துருவில் படிவம் அனுப்பி, அதிலேயே நிரப்பித் தா என்று ஆசிரியர்களை வதைக்கிறார்கள். இந்தத் தொல்லையை உங்கள் தலையில் கட்டியவர்கள் அவர்கள்தான்.

கடைக்காரர் செய்வதும் மேலே சொன்ன இரண்டு சொடுக்குதான்; அதற்கு ஸ்லைடு கணக்கில் கூலியா? பணத்தைவிடப் பெரிய ஆபத்து, அவர் உங்கள் கூகுள் கடவுச்சொல்லைக் கேட்பது. தரவே தராதீர்கள். இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களும் வேண்டாம். பிள்ளைகளின் படமும் முகவரியும் உள்ள கோப்பு யாருடைய சர்வரில் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஏற்கெனவே கடைக் கணினியில் உள்நுழைந்திருந்தால் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும்; அந்தக் கணினியை அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.