ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

நேர்வழியில் சுமார் 14,500 கி.மீ. குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச் முதல் போயிங் 787-9 விமானத்தில் இடைநில்லாமல் பறக்கிறது. பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஏறக்குறைய 17½ மணி நேரம். திரும்பி வரும்போது பெரும்பாலும் அரை மணிக்கு மேல் குறையும்.

ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்? பூமி சுழல்வதால் என்று பலர் நினைக்கிறார்கள். அது நேரடிக் காரணம் அல்ல. காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுழல்கிறது. உண்மையான காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுக்கும், அதனால் பயண நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும்.

அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். பெர்த் கடிகாரம் லண்டனைவிட 8 மணி முன்னால் ஓடும், பிரிட்டனின் கோடைக்காலத்தில் 7 மணி. பிரிட்டனின் குளிர்காலத்தில் பெர்த்தில் மாலை 7 மணிக்கு ஏறினால், மறுநாள் அதிகாலை 4.30 வாக்கில் லண்டனில் இறங்கலாம். கணக்குப் பார்த்தால் 9½ மணி நேரம்தான் வரும், உடம்புக்கோ 17½.